எழுத்தும் படமும்: உரைத்தொகுப்பியினுள் படக்கோப்புகள் – ஒரு வரலாற்று நோக்கு

படங்களைப் பார்ப்பதற்கும் அவற்றை வகுத்து வைப்பதற்கும், எழுத்தைத் திருத்துவதற்கென ஆக்கப்பட்ட கருவியொன்றை நாடுதல் முதனோக்கிற் பொருந்தாச் செயலாகவே தோன்றும். படம் கண்ணுக்குரியது, எழுத்து வாசிப்புக்குரியது. எனினும் கணனி வரலாற்றிலே இவ்விரண்டும் ஒரே மனையிற் குடியிருந்த கதையொன்று உண்டு. ஈமாக்ஸ் எனும் உரைத்தொகுப்பியினுள் படக்கோப்புகளைப் பார்வையிடவும், குறிச்சொல்லிட்டு ஒழுங்குசெய்யவும் வழி பிறந்தமையே அக்கதையாகும். இதனை ஒரு மென்பொருளின் கதையென ஒதுக்கிவிடுதல் தகாது. ஒரு படத்தைப் பற்றிய சொல் எங்கே இருத்தல் வேண்டும், அது யாருடைய கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும் என்னும் வினாக்கள் இதனுள் அடங்கிக் கிடக்கின்றன. ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு இயங்கும் கலைப்பீட மாணவருக்கு இவ்வினாக்கள் அந்நியமானவையல்ல. அவ்வரலாற்றைத் தொடக்கம் முதல் சுருக்கமாக நோக்குவதும், அதிலிருந்து பெறத்தக்க கருத்துகள் சிலவற்றை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடாவிலிருந்து திரைக்கு

ஈமாக்ஸின் முன்னோரைத் தேடுவோர் 1960களின் தொடக்கத்துக்குச் செல்லவேண்டும். 1962-63 காலப்பகுதியில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே டான் மேர்பி என்பவர் பீ.டீ.பீ.-1 எனும் கணனிக்காக ரீக்கோ என்ற திருத்தியை ஆக்கினார். அக்காலத்தில் நிரல்கள் துளையிட்ட கடதாசி நாடாக்களிலே வைக்கப்பட்டிருந்தன. நாடாவைத் திருத்துவதே ரீக்கோவின் தொழிலாதலின், அதன் பெயரும் நாடாத் திருத்தி என்ற பொருளிலேயே முதலில் அமைந்தது. திருத்துபவர் தாம் திருத்தும் பிரதியை நேரே கண்டு திருத்தவில்லை. கட்டளைகளைக் குறிக்கும் எழுத்துகளை வரிசையாகக் கொடுத்துவிட்டு விளைவை எதிர்பார்த்திருந்தார். ஏறக்குறைய எந்த எழுத்தும் ஏதோவொரு கட்டளையாய் இருந்தமையால், தம் பெயரைத் தட்டினால் ரீக்கோ என்ன செய்யும் என ஊகிப்பது கணனியாளரிடையே ஒரு விளையாட்டாகவும் வழங்கியது.

காட்சித்திரைகள் வந்தபின் இந்நிலை மாறியது. 1970களின் முற்பகுதியில் அந்நிறுவகத்தின் செயற்கை நுண்மதி ஆய்வுகூடத்திலே கார்ல் மிக்கல்சன் என்பார், விசையை அழுத்தியவுடனே திரையில் மாற்றம் தோன்றும் முறையொன்றை ரீக்கோவிற் சேர்த்தார். றிச்சர்ட் ஸ்ரோல்மன் அதனை விரிவாக்கி, ஒவ்வொரு விசைக்கும் ஒரு சிறு நிரலைப் பிணைக்க இடமளித்தார். பலரும் தத்தமக்கு வேண்டியவாறு இத்தகைய நிரற்றொகுதிகளை எழுதிக் குவிக்கலாயினர். அவை ஒன்றோடொன்று இணங்காதிருந்த நிலையில், 1976 இல் கை ஸ்ரீல், ஸ்ரோல்மன் முதலியோரின் முயற்சியால் ஒருங்கிணைக்கப்பட்ட தொகுதியே ஈமாக்ஸ் எனும் பெயரைப் பெற்றது. பயனரே தம் கருவியை விரித்துக்கொள்ளலாம் என்னும் கொள்கை இதன் பிறப்பிலேயே அமைந்திருந்தமை மனங்கொளத்தக்கது. பின்னாளிற் படங்கள் இதனுள் இடம்பிடித்தமைக்கும் இக்கொள்கையே வழிவகுத்தது.

1983 செப்ரெம்பரில் ஸ்ரோல்மன் க்னூத் திட்டத்தை அறிவித்தார். 1985 இல் க்னூ ஈமாக்ஸ் பொதுவில் வெளிவந்தது. அதன் அடித்தளம் சீ மொழியிலும், மேலமைந்த பெரும்பகுதி லிஸ்ப் மொழியிலும் எழுதப்பட்டன. பயனர் விரும்பிய பகுதியை லிஸ்ப்பிலே மாற்றி எழுதலாம். எழுதியதைப் பிறரோடு பகிரலாம்.

பட்டியலும் ஒரு பிரதியே

இவ்வரலாற்றின் இரண்டாவது கிளை ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. அங்குள்ள செயற்கை நுண்மதி ஆய்வுகூடத்தில் 1974 அளவிலே டிரெட் எனும் தனி நிரலொன்று தோன்றியது. கோப்பகத்தைத் திருத்துவது என்பதே அப்பெயரின் பொருள். இம்முறை விரைவிலேயே ஈமாக்ஸினுள்ளும் குடியேறியது.

டிரெட்டின் அடிப்படைக் கருத்து எளிமையானது. கோப்பகம் ஒன்றிலுள்ள கோப்புகளின் பட்டியல் திரையிலே ஓர் எழுத்துப் பிரதியாக விரிகிறது. ஒரு கோப்புக்கு ஒரு வரி. அழிக்கவேண்டிய கோப்பின் வரியிலே நின்று ஒரு விசையை அழுத்தினால் அவ்வரியின் முன்னே ஓர் எழுத்து அடையாளமாக விழுகிறது; ஆனால் கோப்பு அழிவதில்லை. அடையாளங்களையெல்லாம் இட்டு முடித்து, மீண்டும் ஒருமுறை கண்ணோட்டி, வேறொரு விசையை அழுத்தியபின்னரே செயல் நிறைவேறுகிறது. தீர்மானித்தலும் நிறைவேற்றலும் இங்கு இரு வேறு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நூலகத்திலே கழிக்கவேண்டிய நூல்களுக்கு முதலிற் சீட்டு வைத்து, பின்னர் மீளாய்ந்து அகற்றும் நூலகரின் நடைமுறையோடு இதனை ஒப்பிடலாம்.

2007 இல் வெளிவந்த 22 ஆம் பதிப்பிலே இக்கருத்து மேலும் ஒருபடி முன்சென்றது. பட்டியலில் உள்ள கோப்புப் பெயர்களையே கட்டுரையொன்றின் சொற்களைத் திருத்துவதுபோல நேரடியாகத் திருத்தும் வசதி அதிற் சேர்க்கப்பட்டது. நூறு கோப்புகளின் பெயரிலுள்ள ஒரு சொல்லை ஒரே முறையிற் தேடி மாற்றிச் சேமித்தால், நூறு கோப்புகளும் புதுப்பெயர் பெறுகின்றன. படக்கருவிகள் கொடுக்கும் எண்வரிசைப் பெயர்களோடு வந்து குவியும் படங்களுக்குப் பொருளுள்ள பெயரிட முயன்றவர்கள் இதன் பெறுமதியை நன்குணர்வர்.

எழுத்தின் இடத்திற் படம்

இதே காலப்பகுதியிற் கணனியின் மற்றொரு மரபும் வளர்ந்துவந்தது. 1973 இல் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுநிலையம் உருவாக்கிய ஆல்ற்றோ எனும் கணனி, திரை முழுவதையும் புள்ளிகளாலான வரைதளமாகக் கொண்டது. அதன் செல்வாக்கு 1984 இல் வெளிவந்த மக்கின்ரோஷ் கணனியிலே தெளிவாகத் தெரிந்தது. சுட்டியைக் கொண்டு சித்திரங்களைத் தொட்டு இயக்கும் இம்மரபிலே படத்துக்கு இயல்பாகவே இடமிருந்தது. ஈமாக்ஸோ எண்பது நிரல் அகலமுள்ள எழுத்து முனையங்களைச் சார்ந்து வளர்ந்தது. அதன் திரையமைப்பு ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டம் என்ற எடுகோளின்மீது கட்டப்பட்டிருந்தமையால், படக்கோப்பு ஒன்றை அதிற் திறந்தவர் கண்டது பொருளற்ற எழுத்துக் குவியலேயாகும்.

1990களிற் கிளைத்துப் பிரிந்த எக்ஸ்ஈமாக்ஸ் இத்துறையில் முந்திக்கொண்டது. எழுத்துகளுக்கிடையே படத்தைக் காட்டும் ஆற்றலை அது அத்தசாப்தத்திலேயே பெற்றிருந்தது. க்னூ ஈமாக்ஸ் அந்நிலையை எய்துவதற்கு அதன் காட்சிப் பொறிமுறை முழுவதும் மீள எழுதப்படவேண்டியிருந்தது. அப்பெரும்பணியைச் செய்தவர் கேர்ட் மொல்மன். 2001 ஒக்ரோபரில் வெளியான 21 ஆம் பதிப்பிலே வெவ்வேறு உயரமுள்ள எழுத்துகளும் படங்களும் ஒரே தாளில் ஒருங்கே தோன்றலாயின.

படம் ஈமாக்ஸினுள் எவ்வாறு வைக்கப்பட்டது என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஈமாக்ஸின் தாளில் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் நிறம், வடிவம் முதலிய பண்புகளை ஏற்றலாம். படமும் அத்தகையதொரு பண்பாகவே ஏற்றப்பட்டது. அதாவது, தாளில் உண்மையில் இருப்பது ஓர் எழுத்தோ ஒரு வெற்றிடமோதான். காட்டப்படும்போது அதற்குப் பதிலாகப் படம் தோன்றுகிறது. ஆகவே எழுத்தை நகர்த்துவது, வெட்டுவது, ஒட்டுவது ஆகிய கட்டளைகளெல்லாம் படத்துக்கும் பொருந்துவனவாயின. எழுத்தின்மீது செல்லும் சுட்டுக்குறி அதே விசையால் படத்தின்மீதும் செல்லும். எழுத்துலகத்துக்குள் படம் புகுந்தபோது அவ்வுலகின் இலக்கணத்தை ஏற்றே புகுந்தது எனலாம்.

பெருவிரலின் பிறப்பு

களம் இவ்வாறு அமைந்தபின் அதிற் பயிர் செய்தவர் மத்தியாஸ் டால். 2005 இல் அவர் தொடங்கிய நிரற்றொகுதி முதலிலே தும்மே எனப் பெயர்பெற்றது. சுவீடிஷ் மொழியில் இச்சொல் பெருவிரலைக் குறிக்கும். படமொன்றின் சிற்றுருவை ஆங்கிலத்தார் பெருவிரல் நகம் என வழங்குவதை ஒட்டியெழுந்த பெயர் இது. பின்னர் இமேஜ்-டிரெட் எனப் பெயர் மாற்றப்பட்டு, 2007 யூனில் வெளியான 22 ஆம் பதிப்பிலே ஈமாக்ஸின் ஒரு பகுதியாயிற்று.

இதனை எழுத நேர்ந்த காரணத்தை டால் தமது நிரலின் முன்னுரைக் குறிப்பிலேயே கூறியுள்ளார். தம் படங்களைப் பார்வையிடவும் ஒழுங்குசெய்யவும் குறிச்சொல்லிடவும் அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அதற்குமுன் அவர் பயன்படுத்திய மென்பொருள் பல கோப்புகள்மீது ஒருங்கே செயற்பட எளிதில் இடந்தரவில்லை. அத்துடன் காரியங்களைத் தம் கட்டுப்பாட்டுக்கு வெளியே கொண்டுசென்றது என்பதும் அவரது குறையாயிருந்தது. இவ்விரண்டாவது காரணம் சிறப்பாகக் கருதத்தக்கது. அழகான கருவி கிடைக்கவில்லை என்று அவர் வருந்தவில்லை. தம் படங்களைப் பற்றிய ஆட்சி தம் கையிலில்லை என்றே வருந்தினார்.

இமேஜ்-டிரெட் செயற்படும் முறையைச் சுருக்கமாகக் கூறலாம். பயனர் டிரெட் பட்டியலிலே வேண்டிய படக்கோப்புகளை அடையாளமிட்டுக் கட்டளையிடுகிறார். அப்படங்களின் சிற்றுருக்கள் மற்றொரு தாளில் வரிசையாக விரிகின்றன. ஒவ்வொரு சிற்றுருவும் தன் மூலக்கோப்பு யாதென்பதைத் தன்னுள்ளே பண்பாகத் தாங்கியிருக்கிறது. சிற்றுருக்களிடையே நகர்ந்தால் பட்டியலிலும் அதற்குரிய வரிக்குச் சுட்டுக்குறி நகரும். சிற்றுருவின்மீது இட்ட அடையாளம் பட்டியலிலும் விழும். இவ்வாறு படமும் பெயரும் ஒன்றையொன்று விட்டகலாது செல்கின்றன. படத்தைக் கண்டு தெரிவுசெய்யலாம். தெரிவுசெய்தவற்றைப் பெயரால் இயக்கலாம்.

சிற்றுருவை ஆக்கும் வேலையை ஈமாக்ஸ் தானே செய்யவில்லை. 1990 இலே பொதுவில் வெளியிடப்பட்ட இமேஜ்மஜிக் எனும் தொகுதியிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. படத்தின் தரம் குன்றாது திருப்புவதற்கு வேறொரு சிறு நிரல் உதவியது. ஒரு நிரல் ஒரு வேலையைச் செவ்வனே செய்தல் வேண்டும் என்பது 1978 இல் டக்ளஸ் மக்கில்றோய் எடுத்துரைத்த யுனிக்ஸ் கோட்பாடு. எல்லாவற்றையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும் ஈமாக்ஸ் அக்கோட்பாட்டுக்கு முரணானதெனக் கண்டிப்போர் பலர். ஆனால் இங்கே ஈமாக்ஸ் மேற்பார்வையாளராய் நிற்க, சிறு நிரல்கள் தத்தம் தொழிலைச் செய்கின்றன. இரு மரபுகளும் பகைமை மறந்து கூடிய இடம் இதுவென்று கூறின் அது மிகையாகாது.

குறிச்சொல் இருக்கவேண்டிய இடம்

இமேஜ்-டிரெட்டின் இதயமாக அமைவது அதன் குறிச்சொல் ஏடேயாகும். பயனர் ஒரு படத்துக்கு இடும் குறிச்சொற்களும் விளக்கக் குறிப்பும் ஒரு சாதாரண எழுத்துக்கோப்பில் எழுதப்படுகின்றன. வரிக்கு ஒரு படம்: முதலில் கோப்பின் பெயர், பின்னர் அரைப்புள்ளியாற் பிரிக்கப்பட்ட குறிச்சொற்கள். இவ்வளவே. ஒரு குறிச்சொல்லைக் கொடுத்தால் அதனையுடைய படங்களையெல்லாம் பட்டியலில் அடையாளமிடச் செய்யலாம். இமேஜ்-டிரெட் இல்லாதொழிந்தாலும் இவ்வேடு வாசிக்கத்தக்கதாகவே இருக்கும். எந்த உரைத்தொகுப்பியாலும் அதனைத் திறக்கலாம், திருத்தலாம், அச்சிட்டும் வைக்கலாம்.

இதற்கு மாறான வழிகளும் இருந்தன. 1995 இலே வகுக்கப்பட்ட எக்சிப் நியமம், படம் எடுக்கப்பட்ட நேரம், கருவி முதலிய தகவல்களைப் படக்கோப்பினுள்ளேயே பொதித்துவைத்தது. செய்தித்துறையினர் வகுத்த நியமங்கள் படவிளக்கத்தையும் அவ்வாறே உள்ளே வைக்க இடமளித்தன. இவ்வழியிலே சொல் படத்தோடு ஒட்டிப் பயணஞ்செய்யும் என்பது பெரும் நன்மை. மூன்றாவது வழி, மென்பொருள் நிறுவனங்கள் தத்தமக்கென அமைத்த தரவுத்தளங்களிலே சொல்லை வைப்பது. பயன்படுத்துவோர்க்கு எளிமையாய் இருந்தது இம்மூன்றாவது வழியேயாதலால் உலகிற் பெரும்பாலோர் அதனையே நாடினர். ஆயினும் அதன் ஆயுள் பிறர் கையிலிருந்தது. பெருவழக்காயிருந்த பிக்காசா எனும் படஒழுங்கமைப்பு மென்பொருளை அதன் உரிமை நிறுவனமான கூகிள் 2016 இலே கைவிட்டமை இதற்குத் தக்க சான்று. அதனை நம்பித் தம் படங்களை வகுத்து வைத்தோர் வேறு வழி தேடவேண்டியவராயினர்.

இமேஜ்-டிரெட்டின் வழியிற் குறையில்லை எனக் கூறுவது நேர்மையாகாது. பெயர்தான் படத்தையும் ஏட்டையும் இணைக்கும் ஒரே கயிறு. வேறிடத்திலே பெயர் மாற்றப்படின் அக்கயிறு அறுந்துவிடக்கூடும். தொடக்க காலத்தில் எல்லாப் படங்களும் தனித்தனிப் பெயருடையனவாய் இருத்தல் வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருந்தது. இருவேறு கோப்பகங்களில் ஒரே பெயருள்ள படங்கள் இருந்தால் சிற்றுருக்கள் மயங்கும். டால் இதனைத் தமது முன்னுரைக் குறிப்பிலே மறைக்காது கூறியிருந்தார். இவற்றோடு, ஈமாக்ஸின் விசைக்கட்டளைகளைப் பயிலும் சிரமமும் புதியவரைத் தடுப்பது. நிறநுட்பத்தை ஆராயும் ஒளிப்படக் கலைஞருக்கு இக்கருவி போதாது என்பதும் உண்மை. 2023 யூலையில் வெளியான 29 ஆம் பதிப்பிலே இப்பகுதி பெரிதும் திருத்தியமைக்கப்பட்டது. எனினும் சொல்லைத் தனியேட்டில் வைக்கும் அடிப்படை கைவிடப்படவில்லை.

தமிழும் இவ்வரலாறும்

இவ்வரலாற்றிலே தமிழ் நுழையும் வாயில் ஒன்றுண்டு. யப்பானின் சுக்குபா நகரிலிருந்த மின்தொழினுட்ப ஆய்வுகூடத்திலே ஹண்டா கெனிச்சி முதலியோர் ஈமாக்ஸைப் பன்மொழி எழுத்துகளுக்கு இயைவிக்க உழைத்தனர். அவ்வுழைப்பு 1997 இல் வெளியான 20 ஆம் பதிப்பிற் சேர்ந்தது. 2009 யூலையில் வந்த 23 ஆம் பதிப்பு யுனிக்கோட்டையே தன் உள்ளமைப்பின் அடிப்படையாக ஏற்றது. தமிழெழுத்துகள் 1991 இலே வெளிவந்த யுனிக்கோட்டின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தன. உலக மொழிகளில் வணக்கங்கூறும் ஈமாக்ஸின் மாதிரித் தாளிலே தமிழ் வணக்கமும் உண்டு. இதன் பயன் யாதெனில், கோப்பின் பெயரும் குறிச்சொல்லும் குறிப்பும் தமிழிலேயே அமையலாம் என்பதாகும்.

இஃது அற்ப விடயமன்று. 1981 யூன் முதலாந் திகதியை அண்டிய இரவிலே யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. எஞ்சிய நூல்களையும் ஏடுகளையும் காக்கவேண்டும் என்ற உணர்வு அதன்பின் நம்மிடையே வேரூன்றியது. 2005 இலே தொடங்கப்பட்ட நூலகம் எனும் எண்ணிமத் திட்டம் அவ்வுணர்வின் பயன்களுள் ஒன்று. பழைய நூலொன்று மின்வருடியாற் பதிவுசெய்யப்படும்போது அதன் பக்கம் ஒவ்வொன்றும் படமாகவே கணனியை அடைகின்றது. வாசிக்கும் மனிதனுக்கு அது எழுத்து; கணனிக்கோ அது புள்ளிகளின் கூட்டம். நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை எவரேனும் எழுதிவைக்கும்வரை அப்பக்கம் தேடற்கரியதாகவே கிடக்கும். பெயரற்ற பத்தாயிரம் பக்கப்படங்கள் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஆய்வாளனுக்கு ஏறத்தாழ ஒன்றே.

இத்தகைய பணிகளுக்கு ஈமாக்ஸே கருவியாதல் வேண்டும் என்பது என் வாதமன்று. வெவ்வேறு பணிக்கு வெவ்வேறு கருவி பொருந்தும். ஆயின் டால் எதிர்கொண்ட வினாவே நம்முன்னும் நிற்கின்றது. வீடுகளிலே அழிந்துவரும் கல்வெட்டுப்படிகள், குடும்ப ஒளிப்படங்கள், விழாமலர்கள் ஆகியவற்றைக் கைத்தொலைபேசியிற் பிடித்து வைத்திருப்போர் நம்மிடையே பலர். படத்திலிருப்பவர் யார், அவ்விடம் யாது, ஆண்டு என்ன என்பவை பெரும்பாலும் படம்பிடித்தவரின் நினைவிலேயே தங்கியுள்ளன. நினைவு அவரோடு போய்விடும். எண்வரிசைப் பெயரோடு படம் மாத்திரம் எஞ்சும். பழைய ஒளிப்படங்களின் பின்புறத்திலே நம் மூத்தோர் பேனாவால் இரண்டு வரி எழுதிவைத்தனர். அவ்விரண்டு வரியே இன்று அப்படங்களை வரலாற்றுச் சான்றுகளாக்குகின்றது.

முடிவுரை

கடதாசி நாடாவைத் திருத்தப் பிறந்த ஒரு கருவிமரபு, நாற்பதாண்டுகளுக்கு மேலாக வளர்ந்து, படங்களை ஒழுங்குசெய்யும் நிலையை எய்திய வரலாற்றை மேலே கண்டோம். பயனர் தம் கருவியைத் தாமே விரித்துக்கொள்ளலாம் என்ற 1976 இன் கொள்கை, பட்டியலும் திருத்தத்தக்க பிரதியே என்ற டிரெட்டின் கருத்து, படத்தை எழுத்தின் பண்பாக வைத்த 2001 இன் அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே இமேஜ்-டிரெட்டைப் பிறப்பித்தன. இவற்றுள் ஒன்று இல்லாதிருப்பினும் ஏனையவை இவ்வடிவை எய்தியிரா.

மென்பொருள்கள் மாறும், இன்று பெருவழக்கிலுள்ளவை நாளை கைவிடப்படும். எளிய எழுத்தில் எழுதிவைத்த பெயரும் குறிப்பும் அம்மாற்றங்களைத் தாண்டி நிற்கக்கூடியன. ஆதலின் படங்களைச் சேர்ப்போர், சேர்க்கும்போதே சொல்லையும் சேர்த்து எழுதிவைத்தல் வேண்டும். அச்சொல் எந்தக் கருவியாலும் வாசிக்கத்தக்க வடிவில் தம் கையிலேயே இருக்குமாறும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். வரலாறு பயிலும் நமக்கு, பிறர் விட்டுச்சென்ற சான்றுகளை வாசிப்பது மாத்திரமன்றி, பின்வருவோர் வாசிக்கத்தக்க சான்றுகளை விட்டுச்செல்வதும் கடனாகும்.